மீன் குடலில் பூத்த பன்னீர் ரோஜா

கருப்பட்டிக் காப்பி குடிக்காமல் ஒரு நாளையும் தொடங்காத என் அற்புதம் மைனிக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஜெயித்துவிட்டோம் மைனி. உங்கள் ரோஜாச் சட்டிகள் மொட்டைமாடியில் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. இனி அவற்றை இறக்கச் சொல்ல இந்தத் தெருவில் ஒரு ஆளுக்கும் வாய் வராது.

இதை நான் வீட்டுக்குள் உங்கள் படத்துக்கு முன்னால் முணுமுணுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நான் வம்பு வளர்த்தது நடுத்தெருவில். அதனால் ஜெயித்ததையும் நாலு பேர் படிக்கத்தான் எழுதுவேன். 'செத்துப்போன மைனிக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாளே, கிறுக்கச்சி' என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். நீங்கள் இருந்தபோது நாம் பேசியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். பேச வேண்டியதெல்லாம் அப்படியே மிச்சம் கிடக்கிறது.

தவக்காலத்தில் சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தீர்கள். குருத்தோலை ஞாயிறுக்குக் கோயிலுக்குப் போக எந்தச் சேலை என்று கூட எடுத்து வைத்திருந்தீர்கள். அந்தச் சேலையைத்தான் உங்களுக்கு உடுத்தி அனுப்பினோம். மற்றச் சேலைகளை உடன்குடியிலிருந்து வந்த உங்கள் தங்கச்சி அழுதுகொண்டே எடுத்துப் போனாள். பிள்ளை குட்டி என்று ஒன்றும் இல்லை. உங்கள் கை பட்டு, உயிரோடு மிஞ்சியது மாடியில் இருந்த அந்தச் சட்டிகள் மட்டும்தான். அதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் நீங்கள் இருந்ததற்கு என்ன இருக்கிறது?

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு நீங்கள் சீர் சாமானோடு இரண்டு சாக்கில் செம்மண்ணைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினீர்களே, நினைவிருக்கிறதா? தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரித்தேன். 'உப்புக் காத்து அடிக்கிற ஊருல ரோசாவாம், பாருங்க' என்று நான் சொன்னது உங்கள் காதில் விழுந்தது. நீங்கள் திரும்பிப் பார்த்து, 'பூத்தா உங்களுக்குத்தான் முதப் பூ' என்றீர்கள். எங்கள் தெருக்காரர்களுக்கு ரோஜா என்றால் தோவாளையிலிருந்து பஸ்ஸில் ஏறி, வாடி வதங்கி, பூக்கடையில் வந்து இறங்கும் சரக்கு. வீட்டில் பூக்கும் என்று யாரும் கேள்விப்பட்டதே இல்லை. நீங்கள் பூக்க வைத்தீர்கள். சொன்னபடி முதல் பூவை என் தலையில்தான் வைத்தீர்கள்.

எப்படிப் பூத்தது என்பதை அப்போது நான் கவனித்ததில்லை. குசினியில் விழுகிற தோல், தொலி, தேயிலைச் சக்கை, முட்டை ஓடு எல்லாவற்றையும் ஒரு ஓட்டைப் பானையில் போடுவீர்கள். அதற்கு மேல் ஒரு கை செம்மண், ஒரு கை அடுப்புச் சாம்பல், காய்ந்த முருங்கை இலை. மறுபடியும் தோல், மறுபடியும் மண். மூடி வைத்துவிட்டு அதை மறந்தே போவீர்கள். பிறகு ஒரு நாள் திறந்தால் கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த தரை மாதிரி மணக்கும். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கண்டிப்பு: அந்தப் பானையில் மீன் சேரக்கூடாது. நான் ஒரு தடவை சாளைத் தலையைப் போட்டதற்கு, குனிந்து பொறுக்கி எடுத்து என் கையிலேயே கொடுத்தீர்கள்.

நீங்கள் போன பிறகு அந்தப் பானையை நான் எடுத்துக்கொண்டேன். செடிகளும் உங்களைத் தேடினவோ என்னவோ, ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. காய்கறித் தோலைத் தின்று எந்தச் செடிக்குத் தெம்பு வரும், நம் கடற்கரையில் தென்னைக்கு மீனைத்தானே புதைக்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. உங்கள் கண்டிப்பை மீறினேன். தினமும் மீன் அரிந்த குடலையும் செதிலையும் பானையில் கொட்டினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நான் எண்ணியது சரிதான், செய்த விதம்தான் சரியில்லை.

நாற்றம் என்றால் சும்மா நாற்றமா? கீழ்வீட்டு அண்ணாச்சி மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு படியேறி வந்தார். மார்க்கெட்டில் உரக்கடை வைத்திருக்கிற, நமக்கு வீடு வாடகைக்கு விட்ட அண்ணாச்சிதான். கோபமாகக்கூட வரவில்லை, பாவம்போலத்தான் வந்தார்.

"ஏம்மா ரெஜினா, எங்க வீட்டுக்காரி வத்தலு காயப்போட மாடிக்குப் போனா, தலை சுத்தி இறங்கி வாரா. வத்தக்கொழம்பு வச்சா மீன் கொழம்பு மாதிரி மணக்கு. நாங்க செவ்வா வெள்ளி கவுச்சி சேக்க மாட்டோம்னு உனக்குத் தெரியாதா?"

"செடிக்கு உரம் அண்ணாச்சி."

"உரம் வேணும்னா எங்கிட்ட கேக்கப்படாதா? யூரியா ஒரு பொட்டலம் தாரேன், போட்டுப் பாரு, ஒரே வாரத்துல பச்சப்பசேல்னு நிக்கும். இந்த ஈயும் புழுவும் நமக்கு எதுக்கும்மா? இல்ல, சட்டியை எல்லாம் எடுத்து யாருக்காவது குடுத்துரு. வளத்த புண்ணியவதியே போய்ச் சேந்துட்டா."

அந்தக் கடைசி வார்த்தைதான் மைனி. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. அப்போதுதான் தெருக்காரர்கள் எல்லாரும் நல்ல தண்ணிக் குழாயில் குடத்தோடு நின்றார்கள். மாடிப்படியில் நின்றபடியே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"அண்ணாச்சி, மாதா பொறந்தநாளுக்கு இந்த வருசம் எங்க வீட்டுப் பூ முறை. சப்பரத்துல மாதா கழுத்துக்கு இந்தச் சட்டியில பூக்கிற பூவுலதான் மாலை போடுவேன். ஒரு பூவுகூட வெளிய வாங்க மாட்டேன். போட முடியலேன்னா சட்டியை எல்லாம் நானே இறக்கிருதேன். அதுக்கப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்."

அண்ணாச்சி துண்டை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "நீ வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லுதியே, அதுக்காகவே நான் பொறுத்துக்கிடுதேன்" என்றார். குழாயடியே சிரித்தது.

நம் தெருவில் பூ முறை என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர்கள் மாலை வாங்கிக் கொடுத்தால்தான் குகை மாதிரிக் கட்டிய கெபியிலிருந்து மாதா சப்பரத்தில் ஏறுவாள். முறை தவறினால் தலைமுறைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அப்படிப்பட்ட காரியத்தில் மொட்டே இல்லாத செடியை நம்பி வாயைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? 'உங்க வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் போடணும்' என்றுதானே?

இனிமேல்தான் உங்கள் வீட்டுக்காரர், என் அண்ணன், செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

மேற்கேயிருந்து கச்சான் காற்று தொடங்கி, கொழும்புக்குச் சரக்கு ஏற்றும் தோணிகள் எல்லாம் கரையில் நிற்கிற காலம் அது. அண்ணன் வீட்டோடு இருந்தான். தோணியை நடத்துகிற தண்டலாக நின்று பத்துப் பேரை அதட்டுகிறவன், வீட்டில் உங்கள் பெயர் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான். மாடிக்கு அவன் ஏறியதே இல்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் ரோஜா இலைகளின் ஓரம் திடீரென்று கருக ஆரம்பித்தது. முதலில் ஓரம், பிறகு பாதி இலை, பிறகு தளிரே சுருண்டது. வெயில் என்று நினைத்து ஓலை மறைப்புக் கட்டினேன். நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் குனிந்து பார்க்கிறேன், மண்ணுக்கு மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது.

கீழே இறங்கி வந்து அண்ணன் முன்னால் நின்றேன். நான் கேட்கவே இல்லை, அவனே சொன்னான்.

"நாத்தம் வருது, அண்ணாச்சி சட்டிய எடுத்துப் போடச் சொல்லிருவாரோன்னு பயமா இருந்துச்சுளா. தோணியில மீனு மிஞ்சினா உப்பத்தான தட்டி வைப்போம், நாறாதுல்லா. அதான் பானையில ரெண்டு மூணு படி அள்ளிப் போட்டேன்."

"அதை நான் எல்லாச் சட்டிக்கும் அள்ளி வச்சிட்டனே அண்ணே."

"அவ வச்ச செடி வாசலத் தாண்டிப் போயிரக் கூடாதுன்னுதான்ளா செஞ்சேன்."

மைனி, எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் திட்டியிருப்பேன். 'அவ வச்ச செடி' என்று அவன் சொன்னதும் ஒன்றும் வரவில்லை. நீங்கள் போன பிறகு அவன் உங்களைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. இரண்டு பேரும் குசினி வாசலில் உட்கார்ந்து அழுதோம். அழுது முடித்ததும் நான்தான் முதலில் எழுந்தேன். அழுதால் உப்பு கரையுமா?

வேறு ஊராக இருந்தால் இப்படி ஒரு தப்பு நடந்திருக்குமா என்று நினைத்துப் பார்த்தேன். உங்கள் ஊர்க்காரன் எவனும் செடி மண்ணில் உப்பைக் கொட்டமாட்டான். நமக்குத்தான் மீனைக் கண்டால் கை தானாக உப்பைத் தேடும். ஊரைச் சுற்றி உப்பளம், உப்புக்கு இங்கே பஞ்சமா? அது இல்லாமல் ஒரு பொருள் கெடாமல் இருக்கும் என்று நம் மண்டையில் ஏறவே ஏறாது.

அண்ணாச்சி சொன்னபடியே கொடுத்தனுப்பிய யூரியாப் பொட்டலம் சன்னலில் இருந்தது. பார்த்தேன். ஏற்கெனவே வெந்து கிடக்கிற வேரில் இதையும் போட்டால் நேரே கல்லறைதான் என்று தோன்றியது. அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் பாவம், வாங்கி வைத்துக்கொண்டார்.

சட்டிகளைச் சாய்த்து மேல் மண்ணை வழித்து எறிந்தோம். அடியில் ஓட்டையைக் குத்தித் திறந்துவிட்டு, தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்பை இறக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரோ உப்பு. குழாய்த் தண்ணீரோ ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது, குடிக்கவே காணாது. அப்போதுதான் கழனித் தண்ணீர் நினைவுக்கு வந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் அரிசி கழுவுவது நல்ல தண்ணீரில்தானே? வீடு வீடாக வாளியோடு போனேன். அந்தத் தண்ணீருக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரி இருந்தாள்.

பால்காரி பேச்சியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏளா, எருமை கழனி குடிச்சாத்தான் பாலு கறக்கும். ஒஞ் செடி என்ன பாலா கறக்கும்?"

"மாதாவுக்கு மாலை கறக்கும்" என்றேன்.

"மாதா எங்க எருமைக்கும் மாதாதான்" என்றாள் அவள்.

விடுவேனா? அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில் பேசி முடித்தது இதுதான்: சோறு வடித்த கஞ்சி எருமைக்கு, அரிசி கழுவிய தண்ணீர் செடிக்கு. கஞ்சிதான் கனம் என்று பேச்சியம்மாவுக்குச் சந்தோஷம். அவள் அதோடு நிற்கவில்லை. மறுநாள் ஒரு கூடை காய்ந்த சாணத்தை மாடிப்படியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, 'மேல் மண்ணு போயிட்டுல்லா, இத நொறுக்கிக் கலந்து போடு' என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணன்தான் தண்ணீர் சுமந்தான். ஊர் முழுக்கக் கழனி வாங்குகிற தண்டலைப் பார்த்து அவனோடு வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையும் மாலையும் ஊற்றினான். சட்டிக்கு அடியில் வழிகிற தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பான். 'இன்னும் கரிக்குளா' என்பான், மறுபடி ஊற்றுவான். ஒரு நாள், 'சப்புன்னு இருக்கு' என்றான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். சில செடிகள் போய்விட்டன மைனி, மறைக்கவில்லை. மிச்சம் நின்றன.

நின்றால் போதுமா? பூக்க வேண்டுமே. வெறும் கழனியில் மாலை கட்ட முடியாது. தெம்புக்கு மீன்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தை நான் விடவில்லை. நாறவும் கூடாது, உப்பும் படக்கூடாது. என்ன செய்ய? யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. அப்போது உங்கள் மாங்காய் நினைவு வந்தது. கல்யாணமான புதிதில் மாங்காயை நான் உப்பில் போட, நீங்கள் கருப்பட்டிப் பாகில் போட்டீர்கள். 'சீனி மிட்டாய்க் கடையா இது' என்று நான் கேலி செய்தேன். கோடை முடிந்த பிறகும் உங்கள் மாங்காய் அப்படியே இருந்தது. அப்படியானால் கெடாமல் வைக்க உப்பு மட்டும் வழி இல்லையே. மாங்காய்க்குக் கேட்கிற கருப்பட்டி மீனுக்குக் கேட்காதா?

வீட்டில் இருந்த கருப்பட்டி ஒரே ஓலைப்பெட்டிதான். பொங்கலுக்கு நீங்கள் தாய்வீட்டிலிருந்து கொண்டு வந்தது. நீங்கள் போன பிறகு யாரும் தொடவில்லை. அண்ணன் தொட விடவும் இல்லை. ஈரக் காற்றில் இளகி, பெட்டியோடு ஒட்டிக் கிடந்தது. கடையில் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று நான் கிளம்பினேன். அண்ணன் நாற்காலியில் ஏறி அந்தப் பெட்டியை இறக்கினான். அம்மியில் வைத்துத் தட்டினான். தட்டும்போது ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். நான் பார்க்காதது மாதிரி இருந்துகொண்டேன்.

ஊறுகாய் ஜாடியில் ஒரு அடுக்குக் குடல், அதே அளவு கருப்பட்டி, மறுபடி குடல், மறுபடி கருப்பட்டி. வாயில் துணியைக் கட்டி மாடி மூலையில் நிழலில் வைத்தோம். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடவில்லை. முதலில் கொஞ்ச நாள் எனக்கு உயிரே இல்லை. அண்ணாச்சி வீட்டு அம்மா மாடியேறும்போதெல்லாம் நான் படியடியில் நின்று காது கொடுப்பேன். அவள் வத்தலைப் பரப்பிவிட்டு இறங்கிப் போவாள், மூக்கைக்கூடச் சுளிக்கமாட்டாள். ஒரு நாள் நின்று மோந்து பார்த்தாள்.

"ரெஜினா, மாடியில பலாப்பழம் பழுக்கப் போட்டிருக்கியா?"

மைனி, அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் குசினிக்குள் ஓடி வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மீன் குடல் பலாப்பழமாக மணக்கிறது. துணியை அவிழ்த்துப் பார்த்தால் குடலைக் காணோம், செதிலும் முள்ளும் மட்டும் அடியில். மேலே தேன் நிறத்தில் ஒரு பாகு. கடலும் பனங்காடும் அந்த ஜாடிக்குள் சம்பந்தம் பண்ணிக்கொண்டுவிட்டன. நானும் நீங்களும் இத்தனை வருஷம் ஒரே குசினியில் இருந்து செய்ய முடியாத சமாதானத்தை அவை செய்துவிட்டன.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. அரைக் கரண்டிப் பாகை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, முதலில் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். போனால் ஒரு கறிவேப்பிலையோடு போகட்டும். அது போகவில்லை, துளிர்த்தது. பிறகுதான் ரோஜாவுக்கு. அதோடு உங்கள் ஓட்டைப் பானையையும் கழுவி, நீங்கள் செய்தபடியே தோலும் மண்ணும் சாம்பலுமாக மறுபடி தொடங்கினேன். அதில் மீன் ஒரு செதில்கூட விழவில்லை. உங்கள் சட்டம் பானைக்கு, என் சட்டம் ஜாடிக்கு.

தளிர் வந்தது மைனி. சிவப்பாக, பளபளவென்று, நீங்கள் இருந்தபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை. ஆகஸ்டில் மொட்டு கட்டியது. ஒன்றா இரண்டா, கிளைக்குக் கிளை. உடனே கச்சான் காற்று தன் வேலையைக் காட்டியது. விடியற்காலை பார்த்தால் நாலு மொட்டு ஒடிந்து கிடக்கும். அண்ணன் கடற்கரைக்குப் போய் ஒரு கிழிந்த தோணிப் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மாடிக் கைப்பிடிச் சுவரில் கம்பு நட்டு, காற்றடிக்கிற பக்கம் அந்தப் பாயை இழுத்துக் கட்டினான். தோணியில் முடிச்சுப் போடுகிறவன் போட்ட முடிச்சு, எந்தக் காற்று அசைக்கும்? கீழே தெருவிலிருந்து பார்த்தால் நம் வீடு கொழும்புக்குக் கிளம்புகிற மாதிரி இருந்தது.

திருவிழா அன்றைக்கு விடிவதற்கு முன்னால் மாடி ஏறினோம். எனக்கு ஏறவே பயம். அண்ணன் முன்னால் போனான். போனவன் மேல்படியிலேயே நின்றுவிட்டான். என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து நான் அவனைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தேன். எல்லாம் விரிந்திருந்தன. வாசனை மாடி முழுக்க நின்றது. அண்ணன், 'அற்புதம், பாத்தியா' என்றான். என்னிடம் சொல்லவில்லை. நான் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டேன். அவன் இன்னும் என்னவெல்லாம் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டிருக்கும்.

வாழை நாரில் மாலையை நானே கட்டினேன். தோவாளைப் பூ ஒன்றுகூட இல்லை. சப்பரத்தில் மாதா கழுத்தில் அது ஏறியபோது தெருவே எட்டி எட்டிப் பார்த்தது. பிறகு பேச்சியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "எங்க எருமைக் கழனியில பூத்த பூவு" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லட்டும், அவளுக்கும் பங்கு உண்டு.

அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு சப்பரத்தையே பார்த்தார். நான் நேரே அவர் முன்னால் போய் நின்றேன். விட்டுக்கொடுக்கிற ஆளா நான்?

"அண்ணாச்சி, சட்டியை எப்ப இறக்கணும்?"

"நீ வாயத் தொறக்காம இருப்பேன்னு ஆசப்பட்டேன்மா. அது நடக்கல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சட்டி அங்கனயே இருக்கட்டும். அந்தப் பாகுல ஒரு குப்பி எங்க வீட்டு முருங்கைக்கும் தா. கடையில யாருகிட்டயும் சொல்லிராத" என்றார்.

நான் எல்லாரிடமும் சொன்னேன். இதோ இங்கேயும் சொல்லிவிட்டேன்.

இப்போது நிலவரம் என்னவென்று கேட்பீர்கள். அண்ணாச்சி வீட்டு அம்மா காய்கறித் தோலைத் தனி வாளியில் போட்டுப் படியில் வைக்கிறாள். வெள்ளிக்கிழமை மட்டும் மீன் ஜாடியைத் திறக்கக்கூடாது என்று எனக்கும் அவளுக்கும் ஒப்பந்தம். எதிர்வீடு, பக்கத்து வீடு என்று சட்டிகள் முளைத்துக்கொண்டிருக்கின்றன. தூரத்தில் புதுத் துறைமுகத்தில் பெரிய பெரிய கப்பல்கள் வந்து நிற்கின்றன. தோணிக்குச் சரக்கு குறையுமோ என்று அண்ணன் கவலைப்படுகிறான். ஆனாலும் போன வாரம் கொழும்புக்குப் பாய் விரித்துப் போய்விட்டு வந்தான். வந்ததும் கால்கூடக் கழுவாமல் மாடிக்குத்தான் போனான். உங்கள் பெயரைச் சொன்னால் இப்போது எழுந்து போவதில்லை. அவனே சொல்கிறான். 'அற்புதம் இருந்தா இத இப்படிச் செய்திருக்க மாட்டா' என்று என் சமையலைக் குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டான்.

எனக்கு மட்டும் ஒரு கோபம் மிச்சம் இருக்கிறது மைனி. இவ்வளவு பெரிய வெற்றியை உங்கள் முகத்துக்கு நேரே பீற்றிக்கொள்ள முடியவில்லையே. நான் மீனைப் போட்டேன், பூத்தது, பாருங்கள் என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். நீங்கள் உதட்டைச் சுழித்துக்கொண்டு, 'கருப்பட்டி யாருது' என்று கேட்க வேண்டும். அந்தச் சண்டைக்காக நான் எதையும் கொடுப்பேன். அங்கே உங்களோடு சண்டை போட யாராவது இருக்கிறார்களா?

அடுத்த மாதம் கல்லறைத் திருநாள். ஊரே மாலையும் மெழுகுவர்த்தியுமாக வரும். மறுநாள் வெயிலில் அத்தனை பூவும் சருகாகிக் கிடக்கும். ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு நான் பூ கொண்டு வரமாட்டேன். செடியாகவே கொண்டு வருகிறேன். நல்ல கிளையாகப் பார்த்துப் பதியன் போட்டு வைத்திருக்கிறேன், வேர் விட்டுவிட்டது. கல்லறைத் தோட்டம் வெறும் கடல் மணல், அங்கே எதுவும் பிழைக்காது என்று கல்லறையைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை சொல்கிறார். இதற்கு முன்னால் என் சட்டிகளை எடுக்கச் சொன்ன அண்ணாச்சி இப்போது தன் முருங்கைக்கு மருந்து கேட்டு நிற்கிறார் என்று பதில் சொன்னேன். அனுமதி கிடைத்துவிட்டது. அண்ணன் அன்றைக்குத் தோணி ஏறப்போவதில்லை. செடிச் சட்டியைத் தன் தோளில்தான் வைத்துக் கொண்டு வருவானாம், என்னைத் தொடவிடமாட்டானாம்.

உங்கள் தலைமாட்டில் குழி தோண்டி, நம் குசினியில் விழுந்த தோலும் சக்கையும் மக்கிய அந்தக் கறுப்பு மண்ணை நிரப்பி நடுகிறேன். வாரம் தவறாமல் வந்து தண்ணீர் ஊற்றுகிறேன். அது பூத்தால் முதல் பூ உங்களுக்குத்தான், மைனி. என் தலைக்கு வேண்டாம்.

வாய்க்குத் தாழ்ப்பாள் இல்லாத
உங்கள் ஒரே நாத்தனார்,
ரெஜினா